சிங்க்

படத்தொகுப்பு அறையில் “சிங்க் பண்ணியாச்சா?” என்பது அன்றாடக் கேள்வி. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன். ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் ‘சின்க்ரனைஸ்’ ஆகி, பேச்சுவழக்கில் ‘சிங்க்’ எனக் குறுகியது. தமிழில் ‘ஒத்திசைவு’ என்கிறோம். இசைதல் என்பதற்கு உடன்படுதல், ஒலித்தல் என்ற இரு பொருளும் உண்டு. ஆகவே கச்சேரிப் படப்பிடிப்புக்கு மூலச்சொல்லைவிட இதுவே நெருக்கமானது என்பேன்.

நேரடிக் கச்சேரியைப் பல கேமராக்களில் எடுக்கும்போது, ஒரே கணத்தைக் காட்டும் ஃபிரேம்களை நேர்நேராகப் பொருத்துவதே சிங்க். டைம்கோட் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், விநாடியோடு ஓர் எண் தருகிறது. அது இல்லாதபோது கேமராவில் பதிவான ஒலியின் அலைவடிவத்தை ஒப்பிடுவார்கள். இங்கே ஒரு நுட்பம்: ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் பின்னால் நிற்கும் கேமராவுக்கு மிருதங்க அடி ஏறத்தாழ 0.1 விநாடி தாமதமாகவே கேட்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது இரண்டரை ஃபிரேம். அலைவடிவத்தை மட்டும் நம்பினால் ஒலி பொருந்தும், கலைஞரின் கை பொருந்தாது. கடைசியில் விரல் தோலைத் தொடும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்தே நகர்த்த வேண்டும்.