பல கைகளில் வளரும் குழந்தை

கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அங்குள்ள லோத்தோங் குரங்குகளை மறந்திருக்க மாட்டார்கள். பெரியவை கருஞ்சாம்பல் நிறம். மயிர் நுனியில் வெள்ளி பூசினாற்போல் மின்னும். குட்டிகளோ நல்ல ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் அது மறைந்து தாயின் நிறம் வந்துவிடும்.

குட்டி ஒரே மடியில் இருப்பதில்லை. தாய் தளிர் தின்னும் வேளையில் வேறொரு பெண்குரங்கு அதை வாங்கி அணைத்துக்கொள்ளும். அதனிடமிருந்து மற்றொன்று இழுக்கும். இக்குரங்குகளின் கூட்டு வாழ்வை ஆராய்ந்த இர்வின் பெர்ன்ஸ்டைன் 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவில், ஆபு மலையில் 1971 முதல் ஆராய்ந்த சாரா ஹிர்டி, அங்குள்ள அனுமான் குரங்குகளிடமும் இதே வழக்கத்தைக் கண்டார்.

நேயர்களே, லோத்தோங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த அறிஞரும் சொல்லவில்லை. அதன் வழியும் நம் வழியும் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிம்பன்சியே நமக்கு நெருங்கிய உறவு. பிரிந்து அறுபது எழுபது இலட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். ஆனால் சிம்பன்சித் தாய், பிறந்த குட்டியை முதல் சில மாதங்கள் பிறர் கையில் கொடுப்பதே இல்லை. மனிதத் தாய் மட்டும் எப்படிக் கொடுக்கத் துணிந்தாள்?

ஹிர்டி 2009இல் எழுதிய நூலில் இதற்கு விடை தேடினார். மனிதக் குழந்தை தானே உணவு தேடப் பல ஆண்டுகள் ஆகும். தாய் ஒருத்தியால் ஆகாத காரியம் அது. பாட்டியும் அக்காளும் சித்தியும் சேர்ந்து ஊட்டினார்கள். லோத்தோங் பிறர் குட்டியைத் தூக்குமே தவிர, இரை தேடி வந்து ஊட்டுவதில்லை. பலரை நம்பி வளர்ந்த மனிதக் குழந்தைக்கு, இந்த முகம் என்ன நினைக்கிறது, இவளை நம் பக்கம் திருப்புவது எப்படி என்று அறியும் தேவை வந்தது. பிறர் மனத்தை அறியும் ஆற்றல் அங்கேதான் கூர்மை பெற்றது என்பது அவர் வாதம். கூட்டம் பெருகப் பெருக, யார் யாருக்கு நட்பு, யார் பகை என்று நினைவில் வைக்கவே மூளை பெரிதாயிற்று என்பார் ராபின் டன்பார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். நமக்கு ஹிர்டியின் வாதமே நெருக்கமாகப் படுகிறது.

காரணம் ஆயாக் கொட்டகை. இருட்டோடு பால்மரம் வெட்டப் புறப்பட்ட தாய்மார் அங்கேதான் கைக்குழந்தைகளை விட்டுச் சென்றார்கள். முதல் நாள் வீறிட்டழுத பிள்ளை, சில நாளில் ஆயாவின் முகத்தைப் பார்த்தே, அழுதால் தூக்குவாளா மாட்டாளா என்று தெரிந்துகொண்டது.