கருவடிக்குப்பத்துச் சோலை

ஓய்வு நாட்களில் ஊர்ப்புறத்துச் சிறு வீடொன்றில் தங்கி மீள வேண்டும் என்னும் வேட்கை நகரத்துக் குடும்பங்களிடையே பெருகி வருகிறது. அத்தகைய வீட்டைத் தேடும்போது நாம் அறைகள் எத்தனை, வாடகை என்ன, ஊர்தி வாசல் வரை செல்லுமா என்றெல்லாம் வினவுகிறோம். வீட்டைச் சூழ்ந்துள்ள மண்ணையும் மரத்தையும் நீரையும் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆனால் நாம் நாடிச் செல்லும் அமைதி அச்சூழலில்தான் இருக்கிறதேயன்றி வீட்டுச் சுவருக்குள் இல்லை. இவ்வுண்மையை எடுத்துக்காட்ட வரலாற்றில் ஓர் ஊர் நமக்குத் துணை நிற்கிறது. அது புதுச்சேரியின் ஓரத்தில் அமைந்த கருவடிக்குப்பம்.

மண்ணும் நீரும்

புதுச்சேரியின் பழைய நகரிலிருந்து வடமேற்கே மூன்று கிலோமீட்டர் அளவில் இருப்பது கருவடிக்குப்பம். கிழக்கே முத்தியால்பேட்டையும் அதற்கப்பால் கடலும், மேற்கே லாஸ்பேட்டை மேடும் அதனை அணைத்து நிற்கின்றன. 1765ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றபோது கவர்னராக வந்த லா தெ லோரிஸ்தோன் என்பவரின் பெயரே லாஸ்பேட்டை என வழங்குகிறது. இன்று புதுவையின் விமான நிலையம் அமைந்திருப்பது அம்மேட்டில்தான்.

அம்மேட்டின் மண் செம்மண். புதுவைக்கு வடக்கிலும் வடமேற்கிலும் பரந்துள்ள அச்செம்மண் மேட்டுநிலத்தைக் கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைப்பர். மேட்டில் பெய்யும் மழை மணற்கல்லில் ஊறி, களிமண் படுகைகளுக்கு அடியிலே இறங்கி, கடலை நோக்கிச் சரிகின்றது. மேல்நிலத்தில் புகுந்த நீர் தாழ்நிலத்தின் அடியில் அடைபட்டுக் கிடப்பதால், அங்கே ஆழத் துளையிட்டால் தானாகவே பொங்கி எழும். 1870களின் பிற்பகுதியில் புதுவையில் தோண்டப்பெற்ற பொங்கு கிணறுகள் நிலவியல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தமைக்குக் காரணம் இதுவே. அதற்கும் முன்னர், நகருக்கு மேற்கே முத்திரைப்பாளையத்து ஊற்றிலிருந்து நகரத்தார்க்கு நன்னீர் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பெற்ற ஆயி மண்டபம் அந்நீரின் நினைவாக இன்றும் பூங்காவின் நடுவே வெண்ணிறமாக நிற்கிறது.

ஆக, நகரம் பருகிய நீர் அதன் வெளிப்புற நிலங்கள் தந்த கொடை. மேட்டில் மரம் நின்று மழை ஊறினால்தான் தாழ்விலே கிணறு சுரக்கும். ஊர்ப்புறத்தின் பசுமையை வெறும் அழகு என்று கருதுவோர் முதலில் இதனை உணர வேண்டும்.

தோட்ட மாளிகையும் முள்வேலியும்

நகரத்துச் செல்வர் வெளிப்புறத்தில் தோட்ட வீடு அமைத்து ஓய்வு கொள்ளும் வழக்கம் புதுவையில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பழைமையுடையது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், கவர்னர் டூப்ளே நகரை விட்டு நீங்கி மொரட்டாண்டிச் சாவடிக்குச் சென்று தங்கிய செய்தியைப் பலகாலும் காண்கிறோம். நகரின் வடமேற்கே செம்மண் மேட்டை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது அவ்விடம். ஆட்சியின் இரைச்சலுக்கு அஞ்சிய ஆட்சியாளரும் மரநிழலைத்தான் தேடினார்!

அந்நாளில் நகரையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் வளைத்து ஒரு பெரிய முள்வேலி இருந்தது. கற்றாழையும் முட்புதர்களும் அடர்ந்து, இடையிடையே பனையும் தென்னையும் ஓங்கி நின்ற உயிர்வேலி அது. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர்ச் சாலை, வடக்கே சென்னைச் சாலை ஆகிய வழிகளில் சிறு காவல் அரண்கள் அமைந்திருந்தன. வேலிக்குள்ளே இருப்பவர் தமக்கு அடைக்கலம் உண்டென நம்பினர்.

அந்நம்பிக்கை வீண்போகாத காலமும் உண்டு. 1740ஆம் ஆண்டு மே மாதம் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு பொருது உயிர் நீத்தார். அவருடைய பேகமும் பிள்ளைகளும் பரிவாரமும் புதுவையின் வாயிலுக்கு வந்து சேர்ந்தனர். மருமகனார் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் இந்நகரிலேயே புகலடைந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே அச்சுறுத்தியும் கவர்னர் டூமா இணங்கவில்லை. அரசியல் கணக்குகள் அவருக்கு இருந்திருக்கலாம். எனினும் கணவனை இழந்த மாதரசியையும் மக்களையும் காட்டிக்கொடுக்காமை போற்றத்தக்கதே.

ஆயின் இருபதே ஆண்டுகளில் அதே ஊர்ப்புறம் வேறொரு காட்சியைக் கண்டது. 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முள்வேலியைக் கைப்பற்றி, அயர் கூட் தலைமையில் நகரை முற்றுகையிட்டனர். உணவு அருகியபோது, தளபதி லாலி நகரத்துத் தமிழ் மக்களில் ஏறக்குறைய 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார். ஆங்கிலேயரும் அவர்களைக் கடந்துசெல்ல விடவில்லை. இரு படைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எட்டு நாட்கள் அவர்கள் புல்லின் வேரைத் தோண்டித் தின்று உழன்றனர். இறுதியில்தான் கூட் அவர்களுக்கு வழிவிட்டார். 1761 ஜனவரியில் கோட்டை வீழ்ந்தது. பின்னர் நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. ஓய்வுக்கென மக்கள் உலாவிய தோட்டப்புறமே பசியின் களமாகவும் ஆயிற்று. ஒரு நிலத்தின் அமைதி எவ்வளவு எளிதில் குலையக்கூடியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தறியொலி

கருவடிக்குப்பத்தின் அண்டையிலுள்ள முத்தியால்பேட்டை நெசவாளர் ஊர். புதுவையின் நெசவுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி. ‘கினே’ என்று பிரெஞ்சு வணிகர் வழங்கிய அத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள செனகல் நாட்டை அடைந்தது. அங்கே வேலம்பிசின் கொண்டுவந்த மூர் இனத்து முஸ்லிம் வணிகர் பண்டமாற்றாகப் பெற்றது இந்நீலத்துணியையே. பாலைவனத்தில் ஒரு சகோதரர் தலைப்பாகையாகச் சுற்றிய துணிக்கு இந்தச் சோழமண்டலக் கரையின் நீரும் அவுரியும் நிறமூட்டின என்று எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. அமைதியான ஊர்ப்புறம் என்றால் உழைப்பற்ற ஊர் என்பதன்று. நாம் ஓய்வு கொள்ளச் செல்லும் சிற்றூர், அங்கு வாழ்வோர்க்கு உழைக்கும் இடம் என்பதை மறத்தலாகாது.

வாயில் அடைக்காத தோப்பு

கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகள் என்னும் துறவி 1837ஆம் ஆண்டு அடக்கமானார். அவர் சமாதியின் மேல் எழுந்த கோயிலை அடுத்து ஒரு மாந்தோப்பு இருந்தது. முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியாருக்கு உரியது அது. இத்தோப்பே தமிழிலக்கிய வரலாற்றில் ‘குயில் தோப்பு’ என்று நிலைபெற்றது.

1908ஆம் ஆண்டு ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ஆங்கிலேய அரசு நடவடிக்கை எடுத்ததைத் தொடர்ந்து, சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். நவாப் குடும்பத்தார்க்கு இடமளித்த நகரம் நாட்டுப்பற்றாளர்க்கும் இடமளித்தது. எனினும் அவர்களுடைய வாழ்வு நிம்மதியாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் தெருக்களில் திரிந்தனர். வறுமையோ வீட்டை விட்டு அகலவில்லை. பத்திரிகையும் 1910இல் நின்றது. இத்தகைய நெருக்கடியில் பாரதியார் மூச்சுவிட ஓரிடம் வேண்டியிருந்தது. அவ்விடத்தைச் செட்டியாரின் தோப்பு அவருக்குத் தந்தது.

செட்டியாரின் பருத்த குட்டை உருவத்தைக் கண்டு ‘வெல்லச்சு’ என்று பாரதியார் செல்லப்பெயர் சூட்டினார் என்பர். தம் தோப்பைப் பூட்டி வைக்காது கவிஞர் விரும்பிய போதெல்லாம் வந்து அமர விட்ட அம்மனிதரின் பெருந்தன்மையை நாம் வியக்கிறோம். மரம் நட்டால் அதன் கனியை உண்ணும் பறவையும் மனிதனும் நட்டவருக்கு நன்மை சேர்க்கின்றனர் என்னும் நபிமொழியை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அந்நன்மையில் நிழலும் தனிமையும் அடங்கும் என்பதற்குக் கருவடிக்குப்பத்துத் தோப்பு ஒரு விளக்கம்.

பாரதியாரின் குயில்பாட்டு பிறந்தது இங்குதான் என்பது புதுவையில் வழிவழி வந்த செய்தி. அவர் மறைந்த பின்னர் 1923இல் அது நூலாக வெளிவந்தது. அதில் வரும் சோலை, புதுவைக்கு மேற்கே சிறு தொலைவில் உள்ளது. கடலின் அலையோசை அணுகும் அச்சோலைக்கு வேடரும் பறவைகளைச் சுட வருவர் எனக் கவிஞர் கூறுகிறார். வேடர் வராத நாளொன்றில்தான் குயில் பாடுகிறது. இக்குறிப்பு நம் சிந்தனைக்குரியது. அமைதி என்பது சோலையில் எப்போதும் கிடைப்பதன்று. துப்பாக்கி வாராத நாளில் மட்டுமே கிடைப்பது. பாட்டில் கூவுவது பெண்குயில். இயற்கையிலோ உரக்கக் கூவுவது கருநிற ஆண்குயிலே என்று பறவை நூலார் கூறுவர். கவிதையின் தேவை அதுவாயின் நாம் வழக்காட வேண்டுவதில்லை.

பாரதியாரின் புதுவைத் தொண்டராய் விளங்கிய பாரதிதாசன், பிற்காலத்தில் தாம் நடத்திய இதழுக்கு ‘குயில்’ என்றே பெயர் வைத்தார். ஒரு தோப்பின் பறவை இருவர் எழுத்தில் கூடு கட்டிவிட்டது எனலாம். குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை என்பதை நினைக்க, நயம் இன்னும் மிகுகிறது.

ஓர் இரவுப் புயல்

இச்சூழலின் அமைதிக்கு 1916ஆம் ஆண்டு பேரிடர் வந்தது. நவம்பர் 22ஆம் நாள், நள ஆண்டு கார்த்திகை 8, புதன்கிழமை இரவு, கடும் புயல் புதுவையைத் தாக்கியது. பாரதியார் அவ்விரவைக் கணவன் மனைவியின் உரையாடலாக அமைத்து ‘புயற்காற்று’ என்று பாடினார். தப்பி நின்ற மரங்களைக் கண்டு ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்று இன்னொரு பாடலும் பாடினார். வீடுகளை மட்டும் எண்ணிப் பார்க்காது, பிழைத்த மரங்களையும் மனிதரைப் போலவே எண்ணிப் பார்த்த உள்ளம் அது. புயல் வீழ்த்திய மரம் மீண்டும் துளிர்க்கக்கூடும். மனிதன் வெட்டி மனையாக்கிய நிலத்திலோ துளிர் எழுவதில்லை.

துயில்வோர் ஊர்

நகரம் தன் ஓய்வை மட்டுமன்றித் தன் இறந்தோரையும் கருவடிக்குப்பத்துக்கே அனுப்பியது. நகரத்தின் பெரிய மயானம் இங்கே உள்ளது. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் புதுவையில் காலமானார். அவருடைய நினைவிடமும் இங்கேதான். நடிகரும் நாடக ஆர்வலரும் அங்கு வந்து வணக்கம் செலுத்துகின்றனர். துறவி, கவிஞர், நாடகாசிரியர் என மூவகையினர் ஓய்வு நாடிய ஓரூராகக் கருவடிக்குப்பம் நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் நிலையான ஓய்வையும், மற்றொருவர் சில பொழுதின் ஓய்வையும், வேறொருவர் வாழ்நாள் முழுதும் ஊர் ஊராய்த் திரிந்த பின் இறுதி ஓய்வையும் இங்குக் கண்டனர்.

நாம் கற்க வேண்டுவது

1954 நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962இல் சட்டப்படியான இணைப்பும் முற்றுப்பெற்றது. நகரம் வளர்ந்து தன் எல்லையைத் தாண்டிற்று. அன்று சிற்றூராய் இருந்த கருவடிக்குப்பம் இன்று நகரத்தின் ஒரு பகுதி. குயில் தோப்பு என்னும் பெயர் வழங்குகிறது. ஆனால் பாரதியார் நடந்த ஒற்றையடிப் பாதையை இன்றைய தெருக்களிடையே தேடிக் காண்பது அரிது.

ஓய்வு தேடுவோர் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் மேலும் வடக்கே செல்கின்றனர். அங்கும் அதே நிகழ்ச்சி நடைபெறுகிறது. அமைதிக்காக ஒரு வீடு எழுகிறது. அதன் பக்கத்தில் பத்து வீடுகள் எழுகின்றன. ஒவ்வொன்றும் ஆழ்துளைக் கிணறு இறக்குகிறது. நன்னீரை அளவின்றி இறைத்தால், கடலோர நிலத்தடியில் உப்புநீர் உட்புகும். முடிவில் நாம் தேடிச்சென்ற சிற்றூரை நம் தேடலே அழித்துவிடுகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. புதுவைக்கு வடக்கேயுள்ள செம்மண் மேடு மழையால் அரிப்புண்டு ஓடைகளாய்ப் பிளந்து கிடந்தது. 1968 பிப்ரவரி 28இல் அங்கே ஆரோவில் தொடங்கப்பெற்றபின், குடியேறியோர் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி, ஆண்டாண்டாய் மரம் நட்டு வந்தனர். வறண்ட மேடு இன்று காடாகி நிற்கிறது. அவர்களின் கொள்கையோடு நமக்கு உடன்பாடு இருக்கவேண்டுவதில்லை. வெட்டவெளியை ஒரு தலைமுறைக்குள் நிழலாக்க இயலும் என்பதை மட்டும் நாம் ஏற்றாக வேண்டும்.

விடுமுறைக்கு ஊர்ப்புறம் செல்லும் நம் குடும்பங்கள் சிலவற்றையேனும் கைக்கொள்ளலாம். மரம் நிற்கும் மனையில் மரத்தை ஒட்டியே வீடு கட்டலாம். கூரைநீரை மண்ணுக்குத் திருப்பலாம். ஊராரின் உழைப்புக்கும் உறக்கத்துக்கும் இடையூறின்றி ஒலிபெருக்கியை ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு ஒரு தோப்பு வாய்த்தால் அதன் வாயிலைச் சற்றே திறந்து வைக்கலாம். செட்டியார் தம் தோப்பைப் பூட்டியிருந்தால், அவருக்கு எஞ்சியிருப்பது ஒரு பருவத்து மாங்காய் மட்டுமே. திறந்து வைத்ததனால், தமிழ் உள்ளளவும் அழியாத சோலையொன்றுக்கு அவர் உரியவராயினார்.