கரும்புத் தோட்டத்து நாலு தந்தி

உகுலேலே என்ற வாத்தியத்தைப் பேரப்பிள்ளைகள் கையில் நம்மில் பலர் பார்த்திருப்போம். கிடாரின் குட்டி போல இருக்கும். நாலே தந்தி, கைக்குழந்தை அளவு. இங்கிலீஷ்காரர்கள் 'யூக்கலேலி' என்கிறார்கள். ஹவாய்த் தீவுக்காரர்கள் சொல்வது 'உகுலேலே'. நம் வாய்க்கும் அதுதான் சுலபம். அவர்கள் மொழியில் 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுவது. வாசிப்பவரின் விரல் தந்திமேல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். ஹவாயின் கடைசி அரசி லிலியுஓகலானி வேறு பொருள் சொன்னார்: 'இங்கு வந்து சேர்ந்த பரிசு' என்று. பிரெஞ்சில் தெள்ளுப்பூச்சிக்குப் 'ப்யூஸ்' என்று பெயர். கைபேசியில் போடும் சிம் அட்டைக்கும் அங்கே அதே சொல்தான். சிறியதாக இருந்து பெரிய வேலை செய்வதற்கெல்லாம் அந்தப் பூச்சியின் பெயரைத்தான் வைக்கிறார்கள் போலும்.

இதைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு நண்பர். பிள்ளையார்பாளையத்தில் நாற்பத்தைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். முழங்கால் ஒத்துழைக்காததால் தறியை விட்டுவிட்டார். சின்ன வயதில் வீணை கற்க அவருக்கு ஆசை. வீட்டில் தார் சுற்றவும் பாவு பிடிக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் அது நடக்கவில்லை. இப்போது பேத்தி கையில் உகுலேலேயைப் பார்த்துவிட்டு, "இதையாவது கத்துக்கலாமா சார், வாங்கினா எதை வாங்கறது?" என்று கேட்டார். ஒரு பாட்டு வகுப்பில் விசாரித்ததற்கு, "இந்த வயசுல எதுக்கு?" என்றார்களாம். மகனோ, "அது பணக்காரப் பசங்க விளையாட்டு, உனக்கு எதுக்குப்பா?" என்றானாம்.

மகன் சொன்னதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா என்று ஒரு தீவு. திராட்சை ரசத்துக்குப் பேர்போனது. 1870-களில் திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் ஒரு பூச்சி அங்கே பரவிப் பிழைப்பைக் கெடுத்தது. அதே சமயத்தில் ஹவாயில் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 1879-இல் 'ராவன்ஸ்கிராக்' என்ற கப்பல் மதெய்ராவிலிருந்து 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி, சுமார் நாலு மாதம் கடலில் கிடந்து, ஆகஸ்டு 23 அன்று ஹொனலூலு சேர்ந்தது. எல்லோரும் ஒப்பந்தக் கூலிகளும் அவர்களுடைய குடும்பங்களும்தான். அவர்களோடு 'மஷேத்' என்னும் நாலு தந்தி வாத்தியமும், 'ரஜாவ்ன்' என்னும் ஐந்து தந்தி வாத்தியமும் போயின. வந்து இரண்டு வாரம்கூட ஆகியிராது, மதெய்ராக்காரர்கள் இரவில் தெருவில் கச்சேரி வைக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதிவிட்டது.

அந்தக் கப்பலில் மானுவல் நுனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்று மூன்று மரத் தச்சர்கள் இருந்தார்கள். மேஜை நாற்காலி செய்பவர்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலூலுவில் பட்டறை போட்டார்கள். அங்கே கிடைத்த 'கோஆ' என்ற மரத்தில் (நம் கருவேல மரத்துக்குத் தூரத்து உறவு) மஷேத்தின் உடம்பைச் செய்து, ரஜாவ்னின் சுருதியில் நாலு தந்தியை எடுத்து அதில் கட்டினார்கள். உகுலேலே பிறந்த கதை இவ்வளவுதான். அரசர் கலாகவுவா தமது அரண்மனை நடனங்களில் அதைச் சேர்த்துக்கொண்டதால் கூலிக்காரன் வாத்தியத்துக்குக் கௌரவம் கிடைத்தது.

இதைப் படித்தபோது என் மனது காரைக்காலுக்குப் போய்விட்டது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பூகோள வகுப்பில் ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் என்று தீவுகளின் பெயர்களை ஒப்பிப்போம். நம் கடற்கரையிலிருந்து போனவர்களின் வம்சம் அங்கெல்லாம் இருக்கிறது என்பதை வாத்தியார் சொல்லவில்லை. என் பாட்டி சொல்லித்தான் தெரியும். 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போனதும் அவர்கள் பார்வை நம் பக்கம் திரும்பியது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஆட்களை மார்த்தினிக்கில் இறக்கியது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போனார்கள். அவர்கள் மூட்டையிலும் வாத்தியம் இருந்தது. மார்த்தினிக்கில் தப்பு இன்றும் 'தாப்பு'தான். குவாதலூப்பில் மத்தளம் 'மத்தலோன்' ஆகியிருக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தக் கலாகவுவா 1881-இல் உலகம் சுற்றப் புறப்பட்டபோது கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தார். பயணத்தின் நோக்கங்களில் ஒன்று தோட்டங்களுக்குக் குடியேற ஆள் தேடுவது. இந்தியாவிலிருந்து அப்படிப் பெரிய கூட்டம் எதுவும் ஹவாய்க்குப் போகவில்லை. போயிருந்தால் மதெய்ராக்காரன் மஷேத்துக்குப் பக்கத்தில் நம் தப்பும் ஒலித்திருக்கும். பிறந்திருக்கும் வாத்தியமும் வேறாக இருந்திருக்கும். ஆக, மகன் நினைப்பதுபோல இது பணக்காரன் பெற்ற பிள்ளை அல்ல. பகலெல்லாம் கரும்பு வெட்டியவன் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தட்டியது.

அதன் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் மண்டபத்தில் இதை வாசித்தார்கள். அமெரிக்காவே பைத்தியம் பிடித்து வாங்கியது. மறு ஆண்டு ஹொனலூலுவில் சாமுவேல் கமாகா தொடங்கிய பட்டறை இன்றும் நடக்கிறது. 1949-இல் மாரியோ மக்காஃபெர்ரி பிளாஸ்டிக்கில் உகுலேலே வார்த்தார். இவர் இத்தாலியில் பிறந்து, பாரிஸில் செல்மெர் கம்பெனிக்காகப் புகழ்பெற்ற கிடார்களை வடிவமைத்தவர். பிளாஸ்டிக் துணி கிளிப்பும் செய்து விற்றவர்! ஆறு டாலருக்கும் குறைந்த விலையில் அந்த உகுலேலே லட்சக்கணக்கில் போயிற்று. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் 1967 முதல் இசைப் பாடத்துக்கே இதை வைத்தார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1928-இல் மதாம் ரிவியேர் என்ற பிரெஞ்சு மாது ஹவாய்க் கலைஞர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து ஆசியா முழுவதும் கூட்டிவந்தார். அதில் இருந்த டவ் மோ என்ற சமோவா தீவுக்காரர், பிற்பாடு 1940-களில் மனைவி மக்களோடு கல்கத்தாவிலேயே தங்கி, ஹவாயன் கிடார் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வந்தார். ஹவாயன் கிடார் இங்கே வேர் பிடித்துக்கொண்டது. இந்திப் படப் பாட்டில் புகுந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகமே வாசித்தார். அதோடு வந்த உகுலேலே மட்டும் ஏன் தங்கவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் கமகம். ஹவாயன் கிடாரில் இரும்புத் துண்டைத் தந்திமேல் இழுத்தால் ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு அது அந்நியமாகப் படாது. உகுலேலேயில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். குட்டைத் தந்தியை இழுத்து அசைக்கவும் அதிகம் இடமில்லை.

வயலின் வந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காஞ்சியில் சில காலம் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முன்னவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். சுருதியை மாற்றி, தரையில் உட்கார்ந்து, நுனியைப் பாதத்தில் ஊன்றி அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். வயலினில் மெட்டு கிடையாது, அதனால் முடிந்தது. உகுலேலேயில் தோடி எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பஜனைப் பாட்டுக்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் கூடவே தட்ட வேண்டுமானால் இதைவிடச் சுலபமான துணை கிடையாது. நண்பருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இனி எதை வாங்குவது என்பது. கடையில் இதை அங்குலக் கணக்கில்தான் சொல்வார்கள்: 21, 23, 26. இருபத்தொன்று என்பது பழைய மஷேத்தின் அளவுக்குக் கிட்ட. சொப்ரானோ என்று பெயர். மற்றவை பிற்பாடு மேடைக்காகப் பெரிதாக்கியவை. வரலாற்றுப் பாசத்தில் இருபத்தொன்றையே வாங்கச் சொல்லலாம்தான். ஆனால் அதில் மெட்டுகள் நெருக்கமாக இருக்கும். வயதான விரல் ஒரு மெட்டை அழுத்தினால் பக்கத்துத் தந்தியிலும் பட்டுவிடும். என் கட்சி இருபத்து மூன்றுதான். கான்சர்ட் என்பார்கள். பழைய ஓசை முழுக்கப் போய்விடாது, விரலுக்கும் இடம் உண்டு.

மரம் அடுத்த விஷயம். முழுப்பலகையில் செய்தது ஓசை நன்றாக இருக்கும், விலையும் ஏறும். ஒட்டுப்பலகையில் செய்தது ஓசை கொஞ்சம் மட்டு. ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஊறும் நம் ஊருக்கு, பார்த்துப் பார்த்துப் பராமரிக்கத் தெரியாத புதியவருக்கு, ஒட்டுப்பலகைதான் தாங்கும். மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்குள் யோக்கியமானது கிடைக்கிறது. பளபளவென்று பூப்படம் போட்டு ஆயிரத்துக்குத் தருவதைக் கொலுவில்தான் வைக்க வேண்டும். சுருதி நிற்காது.

நாங்கள் போனது சென்னை அண்ணாசாலைக்கு. அந்தச் சாலையில் 'மியூஸே மியூசிகல்' என்ற கடையைப் பலருக்குத் தெரியும். 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் ஆரம்பித்து, பிறகு இந்தப் பிரெஞ்சுப் பெயருக்கு மாறியது. 'மியூஸே' என்றால் அருங்காட்சியகம். கடைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைப் படியேறிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். எந்தக் கடையானாலும் சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு தந்தியையும் சும்மா மீட்ட வேண்டும். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சுத்தமாக வர வேண்டும். வராவிட்டால் மெட்டோ குதிரையோ தப்பான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து கிடையாது. முதல் மெட்டில் அழுத்த விரல் வலித்தாலோ, எங்காவது தந்தி 'ஞொய்' என்று உரசினாலோ அதையும் கீழே வைத்துவிடலாம். பிருடைகள் பல்சக்கரம் உள்ளவையா என்று பார்ப்பது நல்லது. வெறும் ஆணிபோல் செருகியவை வழுக்கும்.

கடைப் பையன் ஒன்றில் புதுத் தந்தி மாட்டிக் காட்டினான். நைலான் தந்தியைக் குதிரையில் முடிச்சுப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். முதல் முடிச்சு வழுக்கிவிட்டது, இரண்டாவதும் நிற்கவில்லை. நண்பர் கையை நீட்டி வாங்கினார். அறுந்த பட்டிழையை நாற்பத்தைந்து வருஷம் முடிந்த விரல், கண்ணால்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கிடார் வாத்தியாரா ஐயா?" என்று பையன் கேட்டான். "தறிக்காரன்ப்பா" என்றார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்கள் அப்போது பக்கத்தில் இல்லையே என்று எனக்கு இருந்தது.

நைலான் தந்தி என்பதால் விரல் அறுபடாது. வீணை, கிடார் உலோகத் தந்திபோல் விரல் நுனியைக் காய்ப்பு ஆக்காது. புதுத் தந்தி முதல் ஒரு வாரம் புதுக் கட்டில் கயிறுபோல் தொய்ந்துகொண்டே இருக்கும். வாத்தியம் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம். பிருடையைத் திருகித் திருகிச் சுருதி சேர்த்தால் பிறகு நின்றுவிடும்.

சுருதி என்றதும் ஒன்று. மேற்கத்தியர் ஜி, சி, ஈ, ஏ என்று நாலு தந்தியையும் சேர்ப்பார்கள். 'சி' என்பது நமக்கு ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழே ப, ஸ, க, த. தம்புராவைப் போலப் பஞ்சமத்தில்தான் ஆரம்பம்! பட்டணம் போய்வந்த அன்று சாயந்திரம் நண்பர் வீட்டுத் திண்ணையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே மோகனத்தில் நாலு ஸ்வரம் வந்துவிடுகிறது. ரிஷபத்துக்கு மட்டும் ஸட்ஜத் தந்தியில் இரண்டாவது மெட்டை அழுத்த வேண்டும்.