சாட்டை எடுக்காமல் பழக்கிய கதை



தவிட்டு வாளிச் சத்தம் கேட்டால் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். ஊசி போடுகிறவரைக் கண்டால் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வரும். இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஏன் இப்படி நடக்கிறது என்று சோதித்துப் பார்த்தவர்களின் வரலாறு சுவையானது.

அமெரிக்காவில் எட்வர்டு தார்ன்டைக் என்பவர் 1898-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பசித்த பூனையைக் கூண்டில் அடைத்தார். தீனியை வெளியே வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றையோ மிதிகட்டையையோ அசைத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் பிறாண்டியது, கடித்தது. தற்செயலாகக் கால் பட்டுக் கதவு திறந்தது. திரும்பத் திரும்ப அடைக்க அடைக்க, வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே போயிற்று. பலன் கொடுத்த செய்கை நிலைத்தது. பலன் கொடுக்காதது தானாக உதிர்ந்தது.

அடுத்து வந்தவர் ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெனரல் மில்ஸ் என்ற மாவு மில் கம்பெனியின் உதவியோடு, திரையில் தெரியும் இலக்கைக் கொத்திக் குண்டுக்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கினார். ராணுவம் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் ஒரு பாடம் கிடைத்தது. முழு வேலையும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சரியான பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாலே தீனி கொடு என்பதுதான் அது.

அங்கே வேலை பார்த்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி, படிப்பை விட்டுவிட்டுப் பிராணிகளைப் பழக்குவதையே தொழிலாக எடுத்தார்கள். முதல் வேலை, அதே கம்பெனியின் கால்நடைத் தீவன விளம்பரம்! கோழிகளைப் பழக்கிக் கண்காட்சிகளில் வித்தை காட்டினார்கள். தீனி பிந்தினால், எதற்குக் கிடைத்தது என்று பிராணிக்குப் புரிவது கடினம். அதனால் சத்தத்தைத் துணைக்கு வைத்தார்கள். சத்தம் கேட்டால் தீனி வரும் என்று முதலில் பழக்கி, பிறகு சரியாகச் செய்த அந்த நொடியிலேயே சத்தம் கொடுத்தார்கள்.

38 வகைகளில் 6,000-க்கு மேற்பட்ட பிராணிகளைப் பழக்கிய இவர்கள், 1961-ல் தங்கள் தோல்விகளையும் எழுதி வெளியிட்டார்கள். மர நாணயங்களைத் தூக்கிப்போய் உண்டியலில் போடப் பன்றியைப் பழக்கினார்கள். முதலில் ஓடி ஓடிப் போட்டது. சில வாரங்களில் நாணயத்தை வழியிலே போட்டு, மூக்கால் கிளறி, மேலே எறிந்து விளையாட ஆரம்பித்துவிட்டது. 4 நாணயங்களை 6 அடி தூரம் கொண்டுபோக ஒரு பன்றிக்குச் சுமார் 10 நிமிஷம் ஆயிற்று! கிடைத்த தீனி வயிற்றுக்கே போதவில்லை. அப்படியும் கிளறுவதை விடவில்லை. தீனி தேடிக் கிளறுவது பன்றியின் பிறவிக்குணம். பிறவிக்குணத்தை மீறிப் பழக்குவது கடினம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? தலைச்சன் கிடேரியைக் கறவைக்குப் பழக்கும்போது, அசையாமல் நின்ற அந்தக் கணமே ஒரு கைப்பிடித் தீவனம் கொடுங்கள். முதல் நாள் மடியைத் தொட விட்டால் போதும். மறுநாள் மேலே போகலாம். அடித்தால் பயப்படும், பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கத்துகிற மாட்டுக்கு உடனே ஓடிப்போய்த் தீனி போட்டால், கத்தினதற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாம் பழக்கினாலும் பழக்காவிட்டாலும், அது நம்மிடம் ஏதோ ஒன்றைத் தினமும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அது நல்ல பழக்கமாக இருக்கட்டுமே.