கோவிவனுக்கு உண்ணி எடுத்தது யார்?

வெயில் ஏறுவதற்கு முன்னால் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மா போட்ட சட்டம் இது. அதனால் ஞாயிறு பத்து மணிக்கு மேல்தான் எனக்கும் மணிக்கும் மல்லுக்கட்டு. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொம்பு, பழைய துண்டு. தலைக்குக் கடைசியில்தான் ஊற்றுவேன். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் போடும் சோப்பு ஆகாது. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கம், மேல்தோலும் மெல்லிசு.

இதெல்லாம் தாமதமாகக் கற்றது. முன்பு வளர்த்த பிளாக்கி உண்ணிக் காய்ச்சலில் போய்விட்டாள். வாரம் தவறாமல் ஷாம்பூ போட்டவன்தான் நான். ஆனால் அவள் விரல் இடுக்கை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. உண்ணி அங்கேயும் காது மடலுக்குள்ளும்தான் ஒளியும். அந்தக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா கேனிஸ் கிருமியை 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் கண்டறிந்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் பல அதனால் செத்தன. இதையெல்லாம் நான் படித்தபோது பிளாக்கி இல்லை.

குற்ற உணர்ச்சியில் நாய்களைப் பற்றிக் கண்டதையும் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எடுத்தனூர் நடுகல் கண்ணில் பட்டது. ஊர் தூரமில்லை, மலைக்குக் கீழே செங்கம் பக்கம். அந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள். இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வெளியானது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்திருக்கிறான். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக அதற்கென்று தனியாக வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள், பெயரோடு. அந்தப் பெயரைக் கோவிவன் என்று படிக்கிறார்கள்; கோபாலன் என்ற வாசிப்பும் உண்டு. ஒரு நாயின் பெயருக்காக அறிஞர்கள் எழுத்தெழுத்தாக மோதிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

எருமை மேய்ந்த இடத்தில் உண்ணி இல்லாமலா இருந்திருக்கும்? காவல் காத்து வந்த கோவிவனின் காதைத் தூக்கிப் பார்த்து யாராவது உண்ணி எடுத்திருப்பார்களா? கல் சொல்லவில்லை. சண்டையில் நிற்பதைத்தான் கல்லில் வெட்டுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து உண்ணி பார்ப்பதை யார் வெட்டப்போகிறார்கள்? ஆனால் பெயர் இருக்கிறதே. கல்லில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சோற்றுக்கும் காவலுக்கும் யாரோ தினமும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கை அதன் கழுத்தையும் தடவியிருக்கும் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

மணியைத் துவட்டிவிட்டு முன்னங்காலைப் பிடிக்கிறேன். இரண்டாவது இடுக்கில் ஒன்று. இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, நசுக்காமல் நேராக இழுக்கிறேன். மண்ணெண்ணெய் எதுவும் தேவையில்லை. மணி காலைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறான்.

"டேய் மணி, இருடா. இன்னும் மூணு கால் இருக்கு."