பெருங்குடலை அகற்றும் ஆபரேஷன்: முன்பு என்ன செய்யணும்? பிறகு என்ன நடக்கும்?

2021 ஜூலை 4ஆம் தேதி, போப் பிரான்சிஸுக்கு ரோம் நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் பெருங்குடலின் இடது பகுதி அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 84. ஒரே வாரத்தில் மருத்துவமனை பால்கனியில் நின்று மக்களுக்கு ஆசி வழங்கினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1985 ஜூலையில், அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனுக்கு கேன்சர் கட்டியோடு சேர்த்து பெருங்குடலின் வலது பகுதி சுமார் 2 அடி நீளத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டது. அதன் பிறகு மூன்றரை ஆண்டுகள் பதவியில் இருந்த ரீகன், 93 வயது வரை வாழ்ந்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது தைரியமாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம வீட்டில் ஒருவருக்கு "குடலை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லும்போது, முதலில் வரும் கேள்வியே வேறு. "குடல் இல்லாம எப்படிச் சாப்பிடுறது?"

குடல் இல்லாமல் வாழ முடியுமா?

பெருங்குடல் இல்லாமல் வாழ முடியும். சாப்பாட்டிலிருந்து சத்தை எடுப்பது பெரும்பாலும் சிறுகுடலின் வேலை. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் முக்கிய வேலை, தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு மலத்தைக் கெட்டியாக்குவது. தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் திரவம் அதற்குள் வருகிறது. அதில் 100, 150 மில்லி தவிர மற்றதெல்லாம் உடம்புக்குள் திரும்பிவிடும். ஆகவே பெருங்குடலை எடுத்தால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தண்ணீரும் உப்பும்தான் கவனிக்க வேண்டிய விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் டாக்டர் சொல்லும் பாதி அறிவுரை தானாகவே புரியும்.

எல்லோருக்கும் முழுப் பெருங்குடலையும் எடுப்பதில்லை. கேன்சர் என்றால், கட்டி இருக்கும் பகுதியையும் அதைச் சுற்றிய நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். குடல் முறுக்கிக்கொள்வது, குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் உருவாகி சீழ் பிடிப்பது ஆகியவற்றுக்கும் ஒரு பகுதியை எடுத்தால் பெரும்பாலும் போதும். மருந்துக்குக் கட்டுப்படாத அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பரம்பரையாக நூற்றுக்கணக்கில் பாலிப் வளரும் நோய் ஆகியவற்றில்தான் முழுவதையும் எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு எந்தப் பகுதி, எவ்வளவு என்பதை ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

அவசர ஆபரேஷன் இல்லை என்றால், கையில் இருக்கும் இரண்டு மூன்று வாரத்தை "காத்திருக்கிற நேரம்" என்று நினைத்து வீணாக்கக் கூடாது. சிகரெட், பீடியை குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினால் நுரையீரல் தொற்றும் புண் ஆறாத பிரச்னையும் குறையும். மதுவுக்கும் இதேதான். குடல் கேன்சர் நோயாளிகளுக்கு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஹீமோகுளோபின் குறைந்திருப்பது சகஜம். அதை இரும்புச்சத்து ஊசி மூலம் முன்கூட்டியே சரிசெய்யலாம். முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதம் தினமும் உள்ளே போகட்டும். தினம் அரை மணி நேரம் நடக்கட்டும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் சொந்த முடிவு வேண்டவே வேண்டாம். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் அதுவே ஆபத்து. சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றை மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். நாட்டு மருந்து, சூரணம் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றில் பை வைக்க வாய்ப்பு இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே அதற்கான இடத்தைப் பேனாவால் குறித்து வைப்பார்கள். அப்போது நின்று, உட்கார்ந்து, படுத்து, குனிந்து காட்டச் சொல்வார்கள். வேட்டி, லுங்கி கட்டும் இடம், புடவைக் கொசுவம் சொருகும் இடம் எது என்பதை அப்போதே காட்டிவிடுங்கள். பை அந்தக் கோட்டில் வந்துவிட்டால் தினசரி அவஸ்தை. ஆபரேஷன் முடிந்தபின் இடத்தை மாற்ற இன்னொரு ஆபரேஷன்தான் தேவைப்படும்.

முதல் நாள்

பல மருத்துவமனைகளில் குடலைச் சுத்தம் செய்ய ஒரு பவுடரை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள், கூடவே ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் தருவார்கள். ருசி நன்றாக இருக்காது. ஃப்ரிட்ஜில் வைத்து, ஸ்ட்ரா போட்டு, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று குடித்தால் சமாளிக்கலாம். கழிவறைக்கு அருகிலேயே இருங்கள். தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போனால் குடல் சுத்தம் என்று அர்த்தம். வலது பக்க ஆபரேஷனுக்கு இது தேவையில்லை என்று சில டாக்டர்கள் விட்டுவிடுவதும் உண்டு.

"நைட் பத்து மணிக்கு மேல சொட்டுத் தண்ணிகூட கூடாது" என்பது பழைய பழக்கம். திட உணவை 6 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், தெளிந்த திரவத்தை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பதே இன்றைய மயக்க மருந்து வழிகாட்டுதல். வயிறு மெதுவாகக் காலியாகும் சர்க்கரை நோயாளிகளுக்கும் குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அதனால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

எழுந்து நடக்கச் சொல்வது ஏன்?

1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன் கேட்ட கேள்வி எளிமையானது. நல்லபடியாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகும் நோயாளி ஏன் இவ்வளவு நாள் படுக்கையில் கிடக்கிறார்? மூக்கு டியூப், நீண்ட பட்டினி, அசையாத படுக்கை என்று நல்லது நினைத்துச் செய்த பலவும்தான் குணமாவதைத் தாமதப்படுத்தின என்று தெரிய வந்தது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விரைவு மீட்பு முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதன்படி, ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ கட்டிலில் உட்கார வைப்பார்கள், பிறகு நடக்க வைப்பார்கள். இங்கேதான் நம்ம சொந்தங்களுக்கும் நர்ஸுக்கும் சண்டை வரும். "வயித்தைக் கிழிச்சிருக்கு, இப்பவே நடக்கச் சொல்றீங்களே!" பாசம்தான், ஆனால் அந்தப் பாசம் இங்கே உதவாது. படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போக வாய்ப்புண்டு. சளி கட்டி நிமோனியா வரலாம். குடலும் விழித்துக்கொள்ளத் தாமதமாகும். ஊதி விளையாடும் பொம்மை மாதிரி மூன்று பந்து வைத்த கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சி மூச்சை உள்ளே இழுப்பதற்கு. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தினமும் "கேஸ் போச்சா?" என்று கேட்பார். வெட்கப்பட ஒன்றுமில்லை. குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம். சில மருத்துவமனைகளில் சூயிங் கம் மெல்லச் சொல்வார்கள். மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து அசையத் தொடங்கும்.

லேப்ராஸ்கோபி என்றால் பொதுவாக 4, 5 நாளிலும், வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஒரு வாரம், பத்து நாளிலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள்

வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த இணைப்பில் கசிவு ஏற்படுவதுதான் சர்ஜன்கள் மிகவும் அஞ்சும் சிக்கல். எல்லோருக்கும் வராது. மலக்குடலுக்கு அருகே, கீழே இணைக்கும்போது வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரியும், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று அதிகமாவது, காய்ச்சல், நாடித்துடிப்பு படபடவென ஓடுவது, வயிறு கல் மாதிரி உப்புவது, தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் "காலையில் பாத்துக்கலாம்" என்று தூங்கப் போகாதீர்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கே உடனே போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு திணறினாலும், தையலில் சீழ் வந்தாலும் இதேதான்.

பை வைத்திருந்தால்...

புது இணைப்பு ஆறும்வரை மலத்தைத் திசை திருப்ப, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருவார்கள். இதற்கு ஸ்டோமா என்று பெயர். இது தற்காலிகம் என்றால் சில மாதங்களில் உள்ளே தள்ளித் தைத்துவிடலாம். கீமோதெரபி இருந்தால் அது முடியும்வரை தள்ளிப்போகலாம். சிலருக்கு நிரந்தரமாகவே இருக்கும். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் மாதிரி இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது. கறுத்துப் போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், முழுக்க நிறைந்தால் எடை தாங்காமல் பிய்ந்துகொள்ளும். குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், வேலைக்கும் போகலாம்.

சிறுகுடல் ஸ்டோமாவில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். அப்போது பலரும் செய்வது, செம்பு செம்பாக வெறும் தண்ணீர் குடிப்பது. வெறும் தண்ணீர் குடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போவதால் உடம்பு இன்னும் வற்றும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து குடிப்பதே சரி. இளநீரில் சோடியம் குறைவு, அது இதற்கு மாற்று ஆகாது. சிறுநீர் குறைந்து, தலைசுற்றல் வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சிறுநீரகம் பாதிக்கப்படுவது இப்படித்தான்.

சாப்பாடு, வேலை, அடுத்த பரிசோதனை

முதல் சில வாரங்கள் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், ரசம், மோர், முட்டை, முள் நீக்கிய மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம். கீரை, சோளம், கொட்டைகள், தேங்காய்த் துருவல், காளான் ஆகியவை இப்போதைக்கு வேண்டாம். ஸ்டோமா உள்ளவர்களுக்கு இவை அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். பெருங்குடல் முழுவதும் எடுத்து, சிறுகுடலை மலக்குடலோடு இணைத்தவர்களுக்கு ஒரு நாளில் நான்கைந்து முறை மோஷன் போவது இயல்புதான், மாதங்கள் போகப் போகக் குறையும். அதற்காகச் சாப்பாட்டையே குறைப்பது தப்பு.

ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் இடத்தில் குடலிறக்கம் வரலாம். திடீர் பிரேக்கை வலியில்லாமல் அழுத்த முடியும்வரை டூவீலரும் காரும் வேண்டாம். மலக்குடல் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் பிரச்னை வரலாம். டாக்டர் கேட்க மாட்டார், நீங்களும் சொல்ல மாட்டீர்கள் என்றால் அது தீராது.

கேன்சருக்காக ஆபரேஷன் செய்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கி, குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளாவது பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கீமோ தேவையா என்பது அதைப் பொறுத்தது. தேவை என்றால் வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் தொடங்குவார்கள். ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்வது பற்றி டாக்டரிடம் பேசுவது நல்லது.