தாவரச் சிற்றினங்களை விவரித்தல் (தென்னிந்தியா)

அறிவியல் அறியாத செடி ஒன்றுக்கு இலத்தீன் பெயர் சூட்டி, விவரிப்பு எழுதி, மூலமாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைத்து வெளியிடும் முறை. இருபெயரிடல் 1753இல் லின்னேயஸின் நூலால் நிலைபெற்றது. அதற்கு முந்தைய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' (1678–1693) மலபார்ச் செடிகளை உள்ளூர்ப் பெயர்களிலேயே பேசியது.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கு வந்த ராட்லர் பாதிரியாரைத் தமிழர்கள் அகராதிக்காரராகவே அறிவார்கள். சொற்களைச் சேர்த்த அதே பொறுமையோடு செடிகளையும் சேர்த்தவர். கபிலப்பொடி தரும் மரத்தை ராக்ஸ்பர்க் அவர் பெயரால் 'ராட்லெரா' என்றார். இன்று அது 'மல்லோட்டஸ்' பேரினத்துக்குள் அடங்கிவிட்டது.

சான்றுகள் மிகுந்த காலம் ராபர்ட் வைட்டினுடையது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த அவர், பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனையைக் கவனித்தார். பருத்தி கைகொடுக்கவில்லை, படங்கள் கைகொடுத்தன. ஆறு தொகுதிகளாக 1853இல் நிறைவுற்ற 'ஐகோனஸ்' நூலில் 2,101 கல்லச்சுப் படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்களில் ரங்கையா முந்தியவர், கோவிந்து பிந்தியவர். இருவரும் தெலுங்கு ராஜு ஓவியர் மரபினராக இருக்கலாம் என்பர். அவர்களுக்குள் உறவு உண்டா என்பது தெளிவாகவில்லை. ஓர் இலையின் நரம்பு, அருகிலேயே பிளந்து காட்டிய சூலகம், மகரந்தப்பை என ஒரே தாளில் அடுக்கிய அவர்களது கோடுகள், விவரிப்பு தடுமாறும் இடங்களில் இன்றும் உதவுகின்றன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார். உதவியாளரின் பெயரைச் செடிக்குச் சூட்டுவது அக்காலத்தில் அரிது. அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. இப்போது 'ட்ரோபிடியா'வுக்குள் இருக்கிறது.

கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915–1936இல் வெளிவந்தது.

பெங்களூரில் உள்ளது லால்பாக். 1856இல் அரசுத் தாவரத் தோட்டமான அங்கே செலுவய்ய ராஜு என்ற ஓவியர் பணியாற்றினார். நகரின் வகைப்பாட்டுப் பணி பின்னர் புனித ஜோசப் கல்லூரியில் வேர்விட்டது. அங்கிருந்த சல்தானா பாதிரியார், அமெரிக்கரான நிக்கல்சனுடன் ஹாசன் மாவட்டத் தாவர நூலை 1976இல் வெளியிட்டார். அவரது ஹெர்பேரியம் இன்று இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளது. கல்லூரியின் பெயரைச் சுருக்கிய 'ஜேசிபி' என்பதே அதன் குறியீடு.

2012 முதல் புதுச் சிற்றின விவரிப்பை ஆங்கிலத்திலும் எழுதலாம். மின்னிதழில் வெளியிட்டாலும் செல்லும். பெயர் மட்டும் இலத்தீன் வடிவில்.